அடிவாரத்திலிருந்து அம்மா

கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் சுகம். உன் சுகத்துக்கு எழுது, எழுத நேரமில்லை என்றால் போனாவது செய்.

பார்சலைப் பிரித்தவுடன் டப்பாக்களைச் சரிபார். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ரசப்பொடி, உப்பில் காயவைத்த நாரத்தங்காய், கைமுறுக்கு. எண்ணெய் ஊறுகாய் வைக்கவில்லை. போன தடவை கசிந்து, உள்ளே வைத்த சட்டைகள் எல்லாம் வீணாகிவிட்டன. அடியில் கம்பளிக் காலுறைகள் இருக்கின்றன. அவற்றை எடுத்துப் பத்திரமாக உள்ளே வைத்துவிடாதே, போட்டுக்கொள்.

அக்காவின் சின்னவன் எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். கடைப் பலகைகளைப் பார்த்தால் தெருவில் நடக்க விடமாட்டேன் என்கிறான். பெரிய மாமாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மாடியில் கசிவு நிற்கவில்லை, மழை விட்டதும் ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பின்கட்டுக் கிணற்றில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் எழுத நிறைய இருக்கிறது. ஆனால் எதை எழுத உட்கார்ந்தாலும் மனசு அந்த மலைக்கே போய் நிற்கிறது.

பொங்கலுக்கு வரவில்லை என்றாய். சரி. புத்தாண்டு விடுமுறையில் மறுபடியும் கோயாசானில், அந்த ஜப்பானியப் பௌத்த மலையில், போய்த் தங்கப் போகிறேன் என்றாய். அதற்கும் சரி. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. கெட்ட இடத்துக்கா போகிறாய்? நாங்களும் உன்னோடு வந்து கண்ணால் பார்த்த இடம்தானே. எனக்குக் கவலையெல்லாம் குளிர்தான். நாங்கள் வந்தது இலை சிவக்கும் காலம். அதற்கே அப்பா இரண்டு சால்வை சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 800 மீட்டர் உயரம், சுற்றிலும் எட்டுச் சிகரம். ஜனவரியில் அங்கே ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே போகும். விடிவதற்கு முன்னால் எழுந்து அந்த மரத்தரையில் வெறுங்காலோடு நடக்காதே. காலுறை போட்டுக்கொள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது வீட்டுக்குள்ளேயே கம்பளித் தொப்பி போட்டிருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் ஹீட்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னவன், "மாமா, தொப்பி எதுக்கு?" என்று கேட்டான். நீ சிரித்துவிட்டு அவன் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டாய். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஜலதோஷம் பிடித்திருக்குமோ என்னவோ.

நாங்கள் வந்த அந்தப் பயணத்தைத்தான் இப்போது அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஒசாகாவில் நம்பா ஸ்டேஷனில் எங்கள் இருவருக்கும் ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நீ நின்றுகொண்டே வந்தாய். வீடுகளும் கடைகளுமாக வந்துகொண்டிருந்தது, ஹஷிமோதோ தாண்டியதும் ஒரேயடியாக மலையாகிவிட்டது. ஒரு சுரங்கம், ஒரு பள்ளத்தாக்கு, மறுபடி சுரங்கம். கடைசி நிறுத்தமான கோகுராகுபாஷியில் இறங்கி, சரிவில் இழுத்துக்கொண்டு போகும் அந்தச் சிவப்பு வண்டியில் ஏறியதும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். 1930இலிருந்து ஓடுகிற பாதை, ஒன்றும் ஆகாது என்று நீ சொன்ன பிறகுதான் விட்டார். ஐந்தே நிமிஷத்தில் 300 மீட்டருக்கு மேல் தூக்கிவிட்டதே! மேலே போனால் பஸ், தபால் ஆபீஸ், பள்ளிக்கூடம், பலகாரக் கடை, அதற்கு நடுவில் கோயிலுக்குக் கோயில். நூறுக்கு மேல் இருக்கின்றன, அவற்றில் பாதிக்குப் பாதியில் வழிப்போக்கர்கள் தங்கலாம் என்று நீ சொன்னாய். நான் ஏதோ நம் மலைக்கோயில் மாதிரி உச்சியில் ஒரு சன்னிதி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அங்கே மலைக்கு மேல் ஓர் ஊரே இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த விதம் எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நானும் அத்தனை வருஷம் சரித்திரம் நடத்தினவள்தான். தேதியைச் சொல்லிவிட்டுப் போவது வேறு, கேட்கிறவர் கண்முன் ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது வேறு. அந்த மலை மடத்தை உண்டாக்கிய துறவி, 774இல் பிறந்த கூகாய், தலைநகரத்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு, படிப்பைப் பாதியில் விட்டு மலைகளில் சுற்றப் போனதை நீ சொன்னபோது அப்பாவே நடப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். 804இல் சீனத்துக்குக் கப்பலேறி, இரண்டே வருஷத்தில் ஷிங்கோன் என்கிற பௌத்த வழியைக் கற்றுக்கொண்டு திரும்பி, 816இல் சாகா சக்கரவர்த்தியிடம் இந்த மலையைக் கேட்டு வாங்கினாராம். படிப்பை விட்டதற்கு அவர் சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் என்று நான் கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா? எதிர்த்தார்கள் என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் சொல்லவில்லை. அன்றைக்கு நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தச் செந்நிறக் கோபுரத்துக்குள், கொன்போன் தாய்தோவுக்குள் நுழைந்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. வெளியே பார்த்தால் 48 மீட்டருக்கு மேல் உயரம், 1937இல் திரும்பக் கட்டியது என்று ஒரு கட்டடமாகத்தான் தெரிந்தது. உள்ளே நடுவில் தங்க நிறத்தில் வைரோசன புத்தர், சுற்றித் தூண்தூணாகப் போதிசத்துவர்கள். மூலைச் சுவர்களில் குரு பரம்பரை. அதில் ஒருவரைக் காட்டி, "அம்மா, இவர் உன் ஊர்க்காரர்" என்றாய். வஜ்ரபோதி! வகுப்பில் பல்லவர் பாடம் நடத்தும்போது ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன பெயர். தெற்கில் பிறந்து, நாலந்தாவில் படித்து, காஞ்சிப் பல்லவனின் ஆதரவில் இருந்துவிட்டு, இலங்கை வழியாகக் கடலேறி 720 வாக்கில் சீனம் போய்ச் சேர்ந்தவர். அவருடைய சீடர் அமோகவஜ்ரர், அவருடைய சீடர் ஹுய்குவோ, அவரிடம் போய்க் கேட்டுக்கொண்டவர் கூகாய். நம் தெருவிலிருந்து கூப்பிடு தூரத்தில் கைலாசநாதர் கோயில் இருக்கிறது, அதைக் கட்டிய ராஜசிம்மன் காலத்து மனிதரின் படத்துக்கு முன்னால், ஜப்பானில் ஒரு மலைமேல், என் பிள்ளை என்னைக் கொண்டுபோய் நிறுத்தினான். அக்காவிடமும் சொன்னேன், மாமாவிடமும் சொன்னேன், பேங்கில் வரிசையில் நின்ற பழைய மாணவியிடமும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இன்னொன்றையும் யோசித்தேன். வஜ்ரபோதி திரும்பி வரவில்லை. 741இல் சீனத்திலேயே காலமாகிவிட்டார்.

காலுறை போட்டுக்கொள் என்று எழுதினேனா? எழுதிவிட்டேன். சாப்பாட்டைப் பற்றி எழுதவில்லை. அங்கே சாயங்காலம் ஐந்தரை, ஆறு மணிக்கே சாப்பாடு போட்டுவிடுகிறார்கள். நமக்கு அது டிபன் வேளை. ராத்திரி பத்து மணிக்குப் பசிக்கும். முறுக்கு அதற்குத்தான். எங்களுக்குச் சிவப்பு அரக்குப் பலகையில் கிண்ணம் கிண்ணமாக வைத்தார்களே, அந்த எள் தோஃபுவை இன்னும் மறக்க முடியவில்லை. வாயில் வைத்ததும் கரைந்தது. மீன் இல்லை, மாமிசம் இல்லை, வெங்காயம் பூண்டுகூட இல்லை. நம் வீட்டு அமாவாசைச் சமையல் மாதிரியே இருந்ததால் நான் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். ஆனால் உடம்புக்கு அது போதுமா? கோயா தோஃபு என்று அந்தப் பஞ்சுபோன்ற கட்டி, அதில் சத்து உண்டு என்று சொன்னாய், சரி. நீ வீட்டில் இருக்கும் நாளிலும் இப்போது அதைத்தான் சாப்பிடுகிறாய் என்று அக்கா சொல்கிறாள். இளைத்திருக்கிறாய். முகத்தில் தெரிகிறது.

விடிகாலைப் பூஜையை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. அந்த மணியை அடித்துவிட்டு ஓசை முழுதும் அடங்கும் வரை யாரும் அடுத்ததைத் தொடவில்லை. அப்பா குருக்களின் அங்கவஸ்திரத்தில் ஜரிகை வேலையையே பார்த்துக்கொண்டிருந்தார், கைத்தறியில் கழிந்த ஆயுசு அல்லவா. பிறகு பக்கத்து மண்டபத்தில் தீ வளர்த்தார்கள். சமித்து போடுகிற மாதிரி குச்சி குச்சியாகப் போட, கரண்டியால் எண்ணெய் வார்க்க, தீ கூரைக்கு எழும்பியது. ஹோமம்தான், வேறு என்ன. நம் பக்கத்தில் தொடங்கிய அக்கினி அத்தனை கடல் தாண்டி அங்கே அணையாமல் இருக்கிறதே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போது உன்னைத் திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு அவர்களோடு சேர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாய். புத்தகம் பார்க்காமல், தடங்கலில்லாமல், மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு. ஜப்பானிய மொழி தெரிந்தவன், சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அது மொழி தெரிந்து சொல்வது இல்லை என்று ஓர் அம்மாவுக்குத் தெரியாதா, கண்ணு?

அந்த ஹோமக் குச்சியில் தமிழில் என்ன எழுதினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டாயே. உன் பெயரும் நட்சத்திரமும்தான் எழுதினேன். வேண்டுதல் ஒன்றும் எழுதவில்லை. இடமும் இல்லை.

கூகாயின் சமாதிக்குப் போகும் ஒகுனோயின் பாதையைப் பற்றி அப்பா இன்னும் நண்பர்களிடம் பேசுகிறார். இரண்டு கிலோமீட்டர், இரண்டு பக்கமும் இரண்டு லட்சத்துக்கு மேல் நினைவுக்கற்கள், அண்ணாந்து பார்த்தால் உச்சி தெரியாத சிடார் மரங்கள். போரில் ஆயுசு முழுதும் மோதிக்கொண்ட தாகேதா ஷிங்கெனுக்கும் உயேசுகி கென்ஷினுக்கும் பாதையின் எதிரெதிரே கல் வைத்திருக்கிறார்கள். கறையானுக்கு மருந்தடிக்கிறவர்கள் சங்கம், தாங்கள் கொன்ற கறையான்களுக்கு நினைவுக்கல் வைத்திருக்கிறது. அந்தக் கல்லைப் பார்த்துவிட்டு அப்பா கைகூப்பினார். அந்த ஐந்தடுக்குக் கல்லை நீதான் விளக்கினாய். கீழே சதுரம் பூமி, அதன்மேல் உருண்டை நீர், முக்கோணம் தீ, பாதி நிலா காற்று, உச்சியில் மொட்டு ஆகாயம். அப்பா உடனே குனிந்து அடிச்சதுரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். காஞ்சிபுரத்துக்காரருக்குப் பிருத்வி என்றால் ஏகாம்பரநாதர்தானே.

கடைசிப் பாலத்துக்கு முன்னால் நீ செய்ததை நான் கவனித்தேன். தாண்டினால் படம் எடுக்கக்கூடாது என்று பலகை இருந்தது. பலகை வருவதற்கு முன்பே போனை அணைத்துப் பைக்குள் வைத்தாய். குல்லாவைக் கழற்றினாய். பாலத்தின் விளிம்பில் நின்று இடுப்பு வரைக்கும் குனிந்து வணங்கினாய். சுற்றுலா வந்தவன் வணக்கம் இல்லை அது. எனக்கு அந்த நிமிஷமே பொறி தட்டியது.

835இல் கூகாய் அங்கே தியானத்தில் அமர்ந்தார், இன்னும் அமர்ந்திருக்கிறார் என்று அவர்கள் நம்பிக்கை. அதனால் நாள்தோறும் காலை 6 மணிக்கும் 10.30 மணிக்கும் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெள்ளைப் பெட்டியைத் தோளில் சுமந்து இரண்டு பேர், முன்னால் ஒருவர். போகிற வழியில் ஒரு சின்ன ஜிசோ போதிசத்துவர் சன்னிதியில் பெட்டியை வைத்து, அவர் ருசி பார்த்த பிறகுதான் தூக்குகிறார்கள். நாங்கள் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்தோம். கிட்டத்தட்ட 1200 வருஷமாக ஒரு வேளை தவறாமல் ஒரு பிள்ளைக்குச் சாப்பாடு போகிறது! பெற்றவள் போனாலும் ஊர் மறக்கவில்லை. நீ ஆறு மணிக்கு எழுந்து உனக்கு ஒரு வாய் கஞ்சி வைத்துக்கொள்கிறாயா?

நியோனின்தோவில் நான் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேனே, என்ன அம்மா யோசனை என்றாய். கால் வலி என்றேன். யோசித்தது வேறு. பெண்கள் மலைக்குள் வரக்கூடாது என்றிருந்த காலத்தில் ஏழு வாசலிலும் அப்படி ஒரு மண்டபம் இருந்ததாம், இப்போது மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதுவரைக்கும் வரலாம், அதற்கு மேல் கூடாது. வந்தவர்கள் மலைமுகட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து, மரங்களுக்கு இடையில் கோபுரம் ஏதாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். 1872இல் அரசாங்கம் தடையை எடுத்துவிட்டது. ஆனாலும் மலையில் அது முழுசாக நடப்புக்கு வர இன்னும் 30 வருஷத்துக்கு மேல் பிடித்தது. அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த எத்தனை பேருக்கு உள்ளே பிள்ளை இருந்திருப்பான்!

அதே 1872இல்தான் ஜப்பானில் துறவிகள் கல்யாணம் செய்துகொள்ளலாம், முடி வளர்க்கலாம் என்றும் அரசாங்கம் சொல்லிவிட்டதாம். இப்போது கோயிலில் பூஜை செய்கிறவர்கள் பலபேர் குடும்பஸ்தர்கள்தானாம். படித்தேன். தெரிந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான். பெண் பார்க்கும் பேச்சு எதுவும் நான் எடுக்கவில்லை. சென்னையிலிருந்து வந்த ஜாதகத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன்.

இறங்கும்போது குதோயாமாவில் வண்டி நின்றது. நீ ஜன்னலைக் காட்டி, "கூகாயுடைய அம்மா இங்கேதான் இருந்தாங்க" என்றாய். பிள்ளையைப் பார்க்க வயதான காலத்தில் ஷிகோகு தீவிலிருந்து வந்தவளை மலைமேல் விட வழியில்லை. அடிவாரத்தில் ஜிசோன்-இன்னில் தங்கியிருந்தாள். மாதத்துக்கு ஒன்பது தடவை அவர் இறங்கி வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவார் என்று சொல்கிறார்கள். அந்தக் கோயிலிலிருந்து மேலே போகும் பாதையைப் பற்றி வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இருபது கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம். வழிநெடுக ஏறக்குறைய நூற்றுப்பத்து மீட்டருக்கு ஒன்று என்று 180 கல் நட்டிருக்கிறார்கள், பெரிய கோபுரம் வரைக்கும். ஒரு மடத்தையே கட்டிக்கொண்டிருந்த மனிதர், அரசர்கள் ஆளனுப்பிக் கூப்பிடுகிற மனிதர், மழையிலும் பனியிலும் அந்தப் பாதையில் இறங்கி அம்மாவிடம் வந்திருக்கிறார். உன் சட்டைப்பையில் போன் இருக்கிறது. ஒரு விரலால் தொட்டால் நான் எடுப்பேன்.

கோபத்தில் எழுதவில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

கருகாயாதோவை விட்டுவிட்டேன். அந்த மண்டபத்தில் சுவர் நீளத்துக்கு மாட்டியிருக்கும் படங்களைப் பார்த்துவிட்டு அப்பா பஸ்ஸுக்கு வரவே இல்லை, நீ போய்க் கூட்டிவந்தாய். இஷிதோமாரு கதை. குடும்பத்தை விட்டுத் துறவியான அப்பாவைத் தேடிச் சிறுவன் மலையேறுகிறான். அம்மா மேலே வரக்கூடாது, அடிவாரத்திலேயே இருக்கிறாள். பாலத்தில் ஒரு துறவியைப் பார்த்து விசாரிக்கிறான். அவர்தான் அப்பா. ஆனால், நீ தேடுகிறவர் இறந்துவிட்டார் என்று சொல்லிவிடுகிறார். இறங்கி வந்தால் அம்மா இறந்துபோயிருந்தாள். போக்கிடம் இல்லாமல் மறுபடி மேலே போய் அந்தத் துறவிக்கே சீடனாகிறான். கடைசி வரைக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை. அதைப் பெரிய வைராக்கியம் என்கிறார்கள். எனக்கு அந்தத் துறவியிடம் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. "நான்தான்டா உன் அப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்தத் தவம் குறைந்திருக்கும்? நம் பட்டினத்தார் எல்லாவற்றையும் துறந்தவர்தான். ஆனாலும் அம்மா போனதும் எங்கிருந்தோ வந்து நின்றாரே.

என்னென்னவோ எழுதுகிறேன். எனக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, சர்க்கரைகூடக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. பயந்துவிடாதே.

உன் அப்பாவும் அன்றிலிருந்து அதிகம் பேசுவதில்லை. அக்டோபரில் நீ அவரிடம் போனில் சொன்னாயே, கண்ணைக் கட்டிக்கொண்டு மண்டலப் படத்தின்மேல் பூப்போட்டு அபிஷேகம் வாங்கிக்கொண்டேன் என்று. அவர் "நல்லது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிறகு ராத்திரி எழுந்து உட்கார்ந்துகொண்டு, அது என்ன, தீட்சையா என்று என்னைக் கேட்டார். படித்துச் சொன்னேன். வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் அக்டோபரும் நடக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம், துறவு இல்லை என்று. நிம்மதியாகப் படுத்தார். ஆனால் அதற்குப் பிறகு இன்னொன்று இருக்கிறது, தலையை மழித்துக்கொண்டு ஏற்பது. அதற்கும் பிறகு நூறு நாள் அளவுக்குக் கடுமையான பயிற்சி, வெளியே யாரோடும் பேச்சில்லாமல். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உன் ஆபீஸில் நூறு நாள் லீவு தருவார்களா?

மொட்டை அடித்துக்கொண்டிருந்தாயானால் சொல்லிவிடு. நம் வீட்டுக்கு மொட்டை புதிதா? திருப்பதியில் உனக்கு முதல் மொட்டை அடித்தபோது நீ அழவே இல்லை, அப்பாதான் அழுதார். எதுவாக இருந்தாலும் எங்களிடம் சொல்லலாம். சொல்லாமல் இருப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை. நீ அங்கே போனால் மனசு ஆறுகிறது என்றால், எதனால் புண்பட்டது என்று நான் கேட்க மாட்டேன். ஒருநாள் நீயாகச் சொல். போகாதே என்றும் சொல்ல மாட்டேன், அந்த இடத்தை நானும் பார்த்துவிட்டேன், பார்த்தவளால் அப்படிச் சொல்ல முடியாது. போய்விட்டுக் கீழே இறங்கி வா. அவ்வளவுதான் நான் கேட்பது. அங்கேயே இருப்பதானாலும் இரு, ஆனால் இறங்கி வருகிற பாதை ஒன்று இருக்கட்டும்.

மே மாதம் நாங்கள் வருகிறோம். குளிர் விட்டிருக்கும். அப்பாவின் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நேரே மேலே போக வேண்டாம். குதோயாமாவில் இறங்கி அந்த அம்மாவின் கோயிலை முதலில் பார்க்க வேண்டும். அங்கிருந்து ஏறும் பாதையில் என் முழங்கால் விடுகிற வரைக்கும், பத்துக் கல்லோ இருபது கல்லோ, உன்னோடு நடந்து பார்க்க ஆசை. உன் குருமார் யாராவது இருந்தால் அவர்களையும் பார்க்கிறோம். அவர்களுக்கு என்ன வாங்கி வந்தால் மரியாதையாக இருக்கும் என்று எழுது. பட்டு அங்கவஸ்திரம் எடுக்கலாமா என்று அப்பா கேட்கிறார், அவராகவே கேட்டார், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

டிக்கெட் போடுவதற்கு முன் தேதியை அப்பாவிடம் கேட்டுக்கொள். என் போனுக்கு வேண்டாம், அவர் போனுக்கே கூப்பிடு. காலையில் ஏழு மணிக்குள் நடை முடிந்து வந்துவிடுகிறார், உனக்கு அப்போது பத்தரை. நான் அந்த நேரம் கோயிலுக்குப் போய்விடுவேன், நீங்கள் இருவரும் பேசுங்கள்.

அன்புடன்,
அம்மா